மக்கரியல்: வண்ணார்பேட்டையில் ஹெரால்டு நிற்பது குறித்து ஓர் ஆய்வு

பாயிரம்

நின்றது, நிறுத்தினேன் என்ற இரண்டு வினைகளுக்கும் உள்ள வேறுபாட்டை முப்பத்தோர் ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான். முன்னது தன்வினை, பின்னது பிறவினை. மாடு நின்றது, மாட்டை நிறுத்தினான். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள், மார்க் வாங்கினார்கள், போய்விட்டார்கள். எனக்கு அது உறைக்க ஓய்வு பெறும் வயதாயிற்று. பெரியப்பா விட்டுப்போன 1966-ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு என் பேருக்கு வந்ததிலிருந்து, ‘வண்டியை நிறுத்தினேன்’ என்று சொல்லும் பாக்கியம் எனக்கு அபூர்வமாகத்தான் வாய்த்தது. வண்டி நின்றது. அதுவும் பெரும்பாலும் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் நின்றது.

ஏன் வண்ணார்பேட்டை என்பதே இவ்வாய்வின் பொருள். முன்னோர் எவரும் இதைப் பற்றி நூல் செய்யவில்லை. அவரவர் வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்ததால் எழுதக் கை ஒழிந்திருக்காது.

சொல்லாராய்ச்சி

இயந்திரக் கோளாறு என்பது அறிக்கையில் எழுதுகிற தமிழ். நடுரோட்டில் நிற்கிறவன் வாயில் அது வராது. அவன் வண்டி இடக்குப் பண்ணும், சண்டித்தனம் பண்ணும், திணறும், இருமும், முக்கும், மூச்சு வாங்கும். இதில் ஒன்றாவது இரும்புக்கு உரிய சொல்லா? பாதி மாட்டுக்கு உரியது, மீதி வயசாளிக்கு உரியது. மாட்டு வண்டியிலிருந்து இறங்கி மோட்டாரில் ஏறிய தமிழன் நுகத்தடியை விட்டுவிட்டு வசவை மட்டும் கையோடு கொண்டுவந்திருக்கிறான்.

இத்தனைக்கும் தலைமைச் சொல் மக்கர். உருது வழியாக வந்தது. பாசாங்கு, ஏமாற்று என்பது அங்கே அதன் பொருள். அதாவது மக்கர் என்பது நோயின் பெயர் அல்ல, குற்றச்சாட்டு. வண்டிக்கு ஒன்றுமில்லை, நடிக்கிறது என்கிறோம். அரைமணி நேரம் உயிர்போனதுபோல் கிடந்துவிட்டு, மெக்கானிக் வந்து பானட்டில் கைவைத்ததும் ஒன்றும் தெரியாத பிள்ளைபோல் கிளம்புகிற வண்டியைக் கண்ட எவரும் இந்தச் சொல்லின் நியாயத்தை மறுக்கமாட்டார். இவ்வாய்வின் கொள்கை முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது என்று நான் நெடுங்காலம் நம்பியிருந்தேன். அது பின்னால் வரும்.

வண்டியின் குலமும் கோத்திரமும்

ஹெரால்டை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லலாமா என்ற கேள்வி என் வீட்டில் இன்னும் தீரவில்லை. சொல்லலாம் என்பது என் கட்சி. ஆதாரம் இருக்கிறது. இதை வரைந்தவர் இத்தாலியின் தூரின் நகரத்து ஜியோவானி மிக்கெலோட்டி. 1959-ல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டு என்று வெளிவந்தது. அதே மிக்கெலோட்டி, அதே சேஸைக் கொஞ்சம் குட்டையாக்கி, அதே குடும்பத்து எஞ்சினைப் போட்டு 1962-ல் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரைக் கொடுத்தார். ஆக ஸ்பிட்ஃபயருக்கு என் வண்டி கூடப்பிறந்தது; அண்ணன் என்றே சொல்லலாம். தம்பி பந்தயத்துக்குப் போனான். அண்ணன் 1961-ல் மெட்ராஸுக்கு வந்து, வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் தொழிற்சாலையில் 948 சி.சி. எஞ்சினோடு பிறந்து, டாக்டர்களுக்கும் வக்கீல்களுக்கும் வாழ்க்கைப்பட்டான். அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு என்று மூன்றே சாதிக் கார்கள் இந்தியாவில் தயாரான காலம். நான்கு கதவு பின்னால்தான் வந்தது. என்னுடையது இரண்டு கதவு. இதையும் என் கட்சிக்குச் சாதகமாகக் கொள்க.

எதிர்க்கட்சி வீட்டம்மா. அவள் வாதம் ஒற்றை வரி: “ஸ்போர்ட்ஸுன்னா விளையாட்டு. உள்ள உக்காந்திருக்க நீங்க எங்க விளையாடுதிய? தள்ளுதவன்லா விளையாடுதான்.” இதற்கு மறுப்பு நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

இந்த வண்டிவகையின் வீரவரலாற்றில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. விற்பனைக்கு வருமுன் 1958-ல் மாதிரி வண்டிகளை ஆப்பிரிக்காவின் தெற்கே கேப்டவுனில் கிளப்பி, பாலைவனமும் காடும் தாண்டி வடக்கே டாஞ்சியர் வரை ஓட்டிச் சோதித்தார்கள். மறுவருஷம் லண்டன் ஆல்பர்ட் அரங்கில் அறிமுக விழா. பார்வையாளர் முன்னால் மேடையிலேயே ஒரு வண்டியைச் சில நிமிடங்களில் பூட்டிக் காட்டினார்கள் என்பார்கள். நம்பலாம், ஏனென்றால் இதன் உடம்பு ஒரே வார்ப்பு அல்ல. தனித்தனித் தகடுகளைச் சேஸின்மேல் போல்ட்டுப் போட்டு முறுக்கியது. கழற்றுவதும் சுலபம். அதை ரவுண்டானாவில் நானே பலமுறை கண்ணாரக் கண்டிருக்கிறேன். ஒரு கண்டத்தையே நெடுக்காகக் கடந்த குலம், முருகன்குறிச்சியில் கிளம்பி சுலோசன முதலியார் பாலத்தைத் தொட முடியாமல் நிற்பதுதான் ஆய்வாளனைத் தூங்கவிடாத முரண்.

2021-ல் மத்திய அரசு 50 வயது தாண்டிய வண்டிகளை விண்டேஜ் என்று வகைப்படுத்தி, அப்படிப் பதிவு செய்தவற்றை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டக் கூடாது என்று விதி செய்தது. என் வண்டியை அப்படிப் பதியவில்லை. ஆனாலும் விதியை அது தானாகவே கடைப்பிடித்து வருகிறது.

முதற்பொருள்: நிலமும் பொழுதும்

தொல்காப்பியர் வழியில் முதல், கரு, உரி என்று பகுத்துக்கொள்வதே முறை.

நிலம்: பாளையங்கோட்டையில் கிளம்பினால் சமாதானபுரம், முருகன்குறிச்சி என்று ஊர்ந்து ஊர்ந்து வந்து, வண்ணார்பேட்டை ரவுண்டானாவில் செல்லபாண்டியன் சிலைக்குப் பக்கத்தில் நசுங்கி, அதன்பின் கொக்கிரகுளம், ஆறு, பாலம், ஜங்ஷன். அந்தப் பாலத்தை நினைக்கும்போதெல்லாம் கைகூப்பத் தோன்றும். கலெக்டர் ஆபீஸில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டி 1843-ல் திறந்த பாலம். தாமிரபரணியைக் கடக்க மனிதர் செய்ய வேண்டியதை எல்லாம் அவர் செய்துவிட்டார். பாலம்வரை வந்துசேர்வது மட்டும் என் பொறுப்பாக இருந்தது.

பொழுது: சாரல் காலத்தில் நிற்காது. ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் கட்டினால் அந்தக் காற்று மேற்கேயிருந்து இங்கே வரைக்கும் வரும். அப்போது வண்டி பேரன் பிறந்த தாத்தாபோலத் துள்ளும். மார்கழி விடியலில் சோக்கை இழுத்தால் இரண்டு இருமல், அவ்வளவுதான். நிற்பது சித்திரையில் தொடங்கும், கத்திரியில் உச்சம். சிறுபொழுது நண்பகல், அதாவது பள்ளிக்கூட மணியும் ரேஷன் கடை மூடும் நேரமும் சாப்பாட்டுக்குப் போகிற டவுன்பஸ்ஸும் ஒன்றாகச் சேரும் வேளை.

கருப்பொருள்: பெட்ரோல், பம்பு, பார்வையாளர்

இங்கேதான் என் கொள்கையை நாட்டுகிறேன். வாசகர் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

பெட்ரோல் ஒற்றைத் திரவம் அல்ல, கூட்டுக்குடும்பம். அதில் இளரத்தம் 35, 40 டிகிரியிலேயே ஆவியாகப் பறந்துவிடும், மூத்தவர்கள் 200 டிகிரிவரை இருந்து பார்ப்பார்கள். பெட்ரோலை டாங்கியிலிருந்து இழுத்துவருவது எஞ்சினின் விலாவிலேயே பூட்டிய ஒரு சின்ன பம்பு. உள்ளே ரப்பர்த் துணியாலான ஒரு சவ்வு மேலும் கீழும் ஆடும். கார்புரேட்டரோ நேராகச் சூட்டுக் குழாய்க்கு மேலே உட்கார்ந்திருக்கிறது, அடுப்புமேல் ஏற்றிய பால்செம்புபோல. ஓடுகிறவரை காற்று அடிக்கும், குளிரும். ரவுண்டானாவில் நின்றால் காற்று இல்லை. எஞ்சினை அணைத்தால் இன்னும் மோசம். தண்ணீர் ஓட்டம் நின்று, உள்ளிருக்கும் சூடெல்லாம் பம்புக்கும் கார்புரேட்டருக்கும் ஏறும். அடுப்பை அணைத்த பிறகும் பால் பொங்கி வழிவதைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகிறது. பம்பு ஆவியை அமுக்குகிறது, ஆவி அமுங்குகிறது, பெட்ரோல் வருவதில்லை. காற்றுப் புகுந்த அடிபம்பை எத்தனை தரம் அடித்தாலும் குடம் நிறையாத கதை. மெக்கானிக்குகள் இதை வேப்பர் லாக் என்பார்கள். 2025-ல் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதத்தை எட்டிய பிறகு ஆவியாகும் அவசரம் கூடியது மட்டுமல்ல, பழைய ரப்பர்ச் சவ்வும் ஊறி நொய்ந்துபோகிறது. 1966-ல் பிறந்த ரப்பர், கரும்புச்சாராயம் குடிக்கப் பழகியதல்ல.

இப்போது கவனிக்க வேண்டியது: இந்த நோய்க்கு மருந்து ஒன்றே. நேரம். இருபது, இருபத்தைந்து நிமிஷம் போனால் சூடு இறங்கும், ஆவி மறுபடி திரவமாகும், வண்டி கிளம்பும்.

இதிலிருந்து என் தலைமை முடிவு பிறக்கிறது. வண்ணார்பேட்டையில் வண்டி நின்று இருபத்தைந்து நிமிஷம் ஆனதும் யார் என்ன செய்தாலும் அது பலிக்கும். மெக்கானிக்கை வரச்சொல்லி, அவர் டீ குடித்துவிட்டு வந்துசேர ஆகும் நேரமும் அதுவே. அவர் கைவைத்ததும் வண்டி கிளம்புவதற்கு அவர் கைராசி காரணம் அல்ல. தாமதமே காரணம். சீக்கிரம் வருகிற மெக்கானிக் தொழிலில் தோற்றுப்போவார்.

இனி, அந்த இருபத்தைந்து நிமிஷத்தில் வந்துகூடுகிற கருப்பொருள்களைச் சொல்ல வேண்டும். இவை கூடுவதற்கு ஹெரால்டின் பானட் பெரிய காரணம். மற்ற கார்களுக்கு மூடி மட்டும் திறக்கும். இதற்கு விளக்கு, மட்கார்டு உட்பட முன்பாதி முழுவதும் முன்பக்கமாக எழும்பி முதலை வாயைப் பிளந்ததுபோல் நிற்கும். எஞ்சின், இரண்டு சக்கரம், ஸ்டியரிங் கம்பி எல்லாம் வெட்டவெளி. டயர்மேல் திண்ணையில் உட்காருவதுபோல் உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். அம்பாசடர் நின்றால் ரெண்டு பேர் எட்டிப் பார்ப்பார்கள். இது நின்றால் கூட்டம் கூடும். அதில் கால்வாசிப்பேர் வண்டி வாயைத் திறக்கும் அழகைப் பார்க்க வந்தவர்கள். முக்கால்வாசிப்பேருக்குக் கருத்து உண்டு.

முதலில் வருபவர் கேள்வி என்றும் மாறாது. “பெட்ரோல் இருக்கா, பாத்தியளா?” இவரைப் பூர்வபட்சக்காரர் என்று வகுத்திருக்கிறேன். இருக்கிறது என்று சொன்னால் நம்பாமல் டாங்கி மூடியைத் திறந்து மோந்து பார்ப்பார். அடுத்து ஆட்டோக்காரர். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து, மருந்து தடவிய பக்கத்தைக் கிழித்து பாயிண்டுக்கு நடுவே நுழைத்துத் தேய்ப்பார். உப்புத்தாளைவிட அதுதான் பதம் என்பது அவர் துணிபு. உண்மையில் நன்றாகத்தான் தேய்க்கிறது. பழைய லாரி டிரைவர் ஒருவர்: “டீசலா இருந்தா ஏர் எடுத்துவிட்டுட்டுப் போயிருவேன்.” டீசல் இல்லை என்பதை என்மேல் உள்ள குறையாகவே சொல்லுவார். பைக்கில் வருகிற பையன்கள் எஞ்சினைப் பார்ப்பதில்லை, செல்போனை நீட்டிக்கொண்டு கேட்பார்கள்: “அங்கிள், மைலேஜ் எவ்வளவு குடுக்கும்?” நின்ற வண்டியின் மைலேஜ் பூஜ்யம் என்று பதில் சொல்லிப் பார்த்தேன், சிரிக்கிறார்கள், கேள்வியை விடுவதில்லை. வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் கடைசியாக வந்து, சுற்றி வந்து, டயரைச் செருப்புக்காலால் தட்டி, தணிந்த குரலில், “இத விக்குற யோசனை உண்டுமா?” என்பார். நோயாளி படுத்திருக்கும்போது உயிலைப் பற்றிக் கேட்பது அவருக்குக் கூச்சமாகப் படுவதில்லை.

பேராத்துச்செல்வி அம்மன் பக்தர் எலுமிச்சம்பழம் கொண்டுவருவார். முன்சக்கரத்தடியில் வைப்பார். இருபத்திரண்டாம் நிமிஷத்தில் வைத்ததால் அடுத்த மூன்றாம் நிமிஷத்தில் பலித்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

ஈரத்துணிக்காரரைத் தனியாகச் சொல்ல வேண்டும். இவர் தோளில் கிடக்கிற துண்டைத் தண்ணீரில் முக்கி பெட்ரோல் பம்பின்மேல் போர்த்துவார். துண்டிலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பும்போது முகத்தில் மந்திரவாதியின் பெருமிதம். கூட்டத்தில் இவர் ஒருவரே பௌதிகத்தின் பக்கம் நிற்பவர். அமெரிக்காவில் இதே நோய்க்குத் துணி காயப்போடுகிற மரக்கிளிப்புகளைப் பெட்ரோல் குழாயில் வரிசையாகக் கவ்வவைக்கும் நாட்டுவைத்தியம் நெடுங்காலம் இருந்திருக்கிறது. அங்கே கிளிப்பு, இங்கே துண்டு. இரு கண்டங்களிலும் மருந்து சலவைத் தொழிலிலிருந்தே வந்திருப்பதையும், நிகழ்விடத்தின் பெயரையும் ஒப்பிட்டுப் பார்க்கும் சிரமத்தை வாசகருக்கே விடுகிறேன்.

எஞ்சியவர் ஒருவர், கடலை வண்டிக்காரர். மேம்பாலத்து நிழலில் தள்ளுவண்டி. சட்டியில் மணலோடு கடலையைப் புரட்டிக்கொண்டே, கரண்டியால் சட்டி விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டுவார். வண்டியைப் பார்க்க எழுந்து வந்ததே இல்லை. நின்ற இடத்திலிருந்து ஒரே சொல்: “கண்டென்சரு.” முதல் தடவை நின்றபோதும் கண்டென்சரு. பத்தாம் தடவையும் கண்டென்சரு. என் குறிப்பேட்டில் இவரை நிலைக்கொள்கையர் என்று பதிந்து, நின்றுபோன கடிகாரத்துக்கு உரிய மதிப்பெண் கொடுத்து ஒதுக்கினேன்.

உரிப்பொருள்: தள்ளுதலும் தள்ளுதல் நிமித்தமும்

இதை விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேரை வடம்பிடித்து நாலு ரதவீதியும் இழுக்கிற ஊர். 800 கிலோ ஹெரால்டு அவர்களுக்கு எம்மாத்திரம்? “ரெண்டாம் கியர்ல போட்டு கிளட்ச்ச மிதிச்சுக்கிடுங்க, நாங்க சொல்லையில விடுங்க” என்பார்கள். அவர்கள் சொல்லும்போது நான் விட்டதில்லை. நான் விடும்போது அவர்கள் சொல்லியிருக்கமாட்டார்கள். வண்டி ஒரு குதி குதித்து நிற்கும். மறுபடி தள்ளுவார்கள். இதில் எவருக்கும் சலிப்பு வந்ததில்லை.

பிற நோய்கள்

கிராங்கின் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்தால், கிளட்சை மிதிக்கும்போது முன்னாலிருக்கிற புல்லி ஒரு நூலளவு முன்னே நகர்வது கண்ணுக்குத் தெரியும். தெரிந்த அன்றே வேலை வைத்துவிட வேண்டும். இந்தக் குடும்பத்து எஞ்சின்களுக்குப் பரம்பரை வியாதி அது. ஹெட் காஸ்கெட் போனால் ஆயில் பால்காப்பி நிறமாகும். உதிரிக்குச் சென்னைப் புதுப்பேட்டை, அங்கேயும் கிடைக்காவிட்டால் லேத் பட்டறை. இவையெல்லாம் உண்மையான நோய்கள், பாசாங்கு கலவாதவை. ஆகவே மக்கரியலில் இவற்றுக்கு இடமில்லை.

சோதனை

கொள்கை இருந்தால் போதாது, மெய்ப்பிக்க வேண்டும். என் கொள்கைப்படி, வண்டி நின்ற பிறகு யாரும் எதுவும் செய்யாமல் இருபத்தைந்து நிமிஷம் விட்டால் அது தானே கிளம்ப வேண்டும். எதுவும் செய்யாமலிருப்பது மிக எளிய சோதனை என்று நினைத்தேன்.

முதல் முயற்சியில் பானட்டைத் திறக்காமல் இறங்கி எதிர் டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். மூடிய வாயோடு நடுரோட்டில் நிற்கும் வண்டி, திறந்த வாயோடு நிற்பதைவிடப் பெரிய கூட்டத்தைக் கூட்டியது. “உள்ள யாரும் மயங்கிக் கெடக்காவளா?” என்று ஒரு அம்மா கண்ணாடியில் கையை அண்டக்கொடுத்து எட்டிப் பார்த்தாள். ஏழாம் நிமிஷத்தில் போக்குவரத்துக் காவலர் வந்து, நாலு பேரைச் சேர்த்து, வண்டியை மேம்பாலத்து நிழலுக்குத் தள்ளிவிட்டார். நிழல் ஒரு சிகிச்சை. சோதனை கெட்டது.

இரண்டாம் முயற்சியில் காவலரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டேன். “நீங்க எதுக்கு ஓரமா நிறுத்தாம நடுவுல நிறுத்துதிய?” என்றார். நிறுத்தவில்லை, நின்றது என்று இலக்கணம் சொன்னேன். அதற்குள் ஈரத்துணிக்காரர் பானட் கொக்கியை எங்கே விடுவிப்பது என்று கண்டுபிடித்திருந்தார்.

மூன்றாம் முயற்சி கத்திரி வெயில் ஓங்கிய ஒரு புதன்கிழமை. பகல் 12.40-க்கு நின்றது. பூர்வபட்சக்காரர், ஆட்டோக்காரர், ஈரத்துணி எல்லாரையும் டீக்கடைக்கு அழைத்துப் போய் என் செலவில் டீயும் ஆமவடையும் வாங்கிக் கொடுத்து உட்காரவைத்தேன். கொள்கையை விளக்கினேன். ஆட்டோக்காரருக்குக் கை பரபரத்தது. தீப்பெட்டியை வெளியே எடுப்பதும் உள்ளே வைப்பதுமாக இருந்தார். பத்து நிமிஷம். பதினைந்து. ஒருவரும் வண்டியைத் தொடவில்லை. வண்ணார்பேட்டை வரலாற்றில் இப்படி ஒரு கட்டுப்பாடு இருந்திருக்குமா என்று எனக்கே புல்லரித்தது. 1.05-க்கு எழுந்தோம். ஊர்வலம்போல் போனோம். சாவியைத் திருப்பினேன். செல்ஃப் சுற்றியது. கிளம்பவில்லை.

அரைமணி. முக்கால்மணி. கிளம்பவில்லை.

“சும்மா உக்காந்திருந்தா எப்படி ஸ்டார்ட் ஆவும், அண்ணாச்சி?” என்றார் ஆட்டோக்காரர். அவர் குரலில் இருந்த இரக்கம்தான் என்னை அதிகம் சுட்டது.

மெக்கானிக் வந்தார். டயர்மேல் உட்கார்ந்தார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிவிட்டு, ஆட்டோக்காரரின் துண்டைத் தலைக்குமேல் கூடாரம்போல் பிடிக்கச் சொல்லி, உள்ளே இருட்டாக்கி, என்னையும் குனியச் சொன்னார். “இப்ப செல்ஃப் அடிக்கச் சொல்லுதேன், பாயிண்ட்டையே பாருங்க.” அவரோடு வந்த பையன் சாவியைத் திருப்பினான். பாயிண்ட் திறந்து திறந்து மூடியது. ஒவ்வொரு திறப்பிலும் நீலமாக ஒரு பொறி பளிச்சென்று குதித்தது. அழகாகத்தான் இருந்தது. “இந்தப் பொறி இங்கன குதிக்கப்பிடாது, பிளக்குல குதிக்கணும். இங்கன குதிக்கத விழுங்கிக்கிடதுக்குத்தான் கண்டென்சர். அது செத்துட்டு.”

பழைய கண்டென்சரைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். சுண்டுவிரலில் பாதி நீளம், ஒரு தகரக் குப்பி, ஒரு வயர். ஹெரால்டுக்கு உரியது கைவசம் இல்லை. பெட்டியைத் துழாவி அம்பாசடர் கண்டென்சர் ஒன்றை எடுத்து, டிஸ்ட்ரிபியூட்டரின் வெளிப்பக்கம் கம்பிபோட்டுக் கட்டி, வயரை முறுக்கிவிட்டார். முதல் சுற்றிலேயே பிடித்தது.

கண்டென்சர் சாவதற்கு முன் நெடுநாள் இழுத்துக்கொண்டு கிடக்குமாம். சூடானால் உள்ளே இருக்கிற காப்பு விட்டுப்போகும், வண்டி நிற்கும். ஆறினால் பழையபடி கூடிக்கொள்ளும், வண்டி கிளம்பும். எவ்வளவு நேரத்தில் ஆறும் என்று கேட்டேன்.

“இருவது, இருவத்தஞ்சு நிமிஷம் ஆவும்,” என்றார்.

பிற்சேர்க்கை

அம்பாசடர் கண்டென்சர் கட்டியபின் அந்தக் கத்திரி முழுக்க வண்டி வண்ணார்பேட்டையில் நிற்கவில்லை. அதே ரவுண்டானா, அதே வெயில், அதே பெட்ரோல். வேப்பர் லாக் பற்றி மேலே எழுதிய பௌதிகம் முழுவதும் உண்மையே. அது என் வண்டிக்கு நடந்ததா என்பது மட்டுமே கேள்வி. கட்டுரையைத் திருத்தி எழுதலாமா என்று யோசித்தேன். இவ்வளவு உழைத்தாகிவிட்டது, அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஆய்வுலகில் இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை.

ஒரு கடமை மட்டும் பாக்கி இருந்தது. சென்ற வாரம் ஜங்ஷனிலிருந்து திரும்பும்போது, மேம்பாலத்து நிழலில் இண்டிகேட்டர் போட்டு, பிரேக்கை மிதித்து, கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சாவியை அணைத்தேன். கடலை வண்டிக்காரர் சட்டியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“நீங்க முன்ன வண்டி வேலை பாத்தியளோ?” என்று கேட்டேன்.

“நமக்கு அதெல்லாம் தெரியாது. எங்க அண்ணன் அம்பாசடர் ஓட்டுனான். அவன் வண்டி நின்னா கண்டென்சராத்தான் இருக்கும்.” பொட்டலம் மடித்து நீட்டினார். வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இப்பமும் அதான் போல.”

“இல்ல,” என்றேன். “நான் நிறுத்தினேன்.”

அவர் கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, தள்ளுவதற்குத் தோதாக வண்டியின் பின்பக்கம் போய் நின்றார்.